துடுப்பில் கட்டிய துணி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் இரண்டும் முகத்தில் இல்லை, உள்ளங்கையில்தான் இருக்கிறது என்பது சிங்காரத்தின் கட்சி. கடல் கறுக்கிறதா வெளுக்கிறதா என்று நின்று பார்க்க ஒருத்தனுக்கும் பொறுமையில்லை. கையிலிருக்கிற செல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரிப்பா, இன்னிக்குக் காத்து ஜாஸ்தியாம்" என்கிறான்கள். காற்று மூஞ்சியில் அடித்துக்கொண்டிருக்கிறது. அதை எங்கோ உட்கார்ந்திருக்கிற எவனோ சொன்னால்தான் நம்புவான்கள். டிவியில் சொல்லிவிட்டால் போதும், பெற்ற தாயைக்கூட ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான்கள்.

தேவனாம்பட்டினத்து டீக்கடையில் இந்தப் பாட்டை அவர் தினமும் படித்தார். பம்பாயில் கடல் வழியாக வந்து சுட்டார்கள் என்று சேதி வந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊர் மறந்துவிட்டது, அவர் விடுவதாக இல்லை.

"ஏன்டா, நம்ம கடல்ல புதுசா ஒரு ஆமை வந்தாகூட நமக்குத் தெரியுது. பத்து ஆளு துப்பாக்கியோட வரான், ஒரு வலைக்காரன் கண்ணுலயும் படலன்னா நீ நம்பு, நான் நம்ப மாட்டேன்."

"செத்தவங்கல்லாம் பொய்யா பெரிப்பா?" என்று கேட்டான் அன்புமணி. அவருடைய தம்பி மகன். அவரோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன்.

"செத்தது நெசம்டா. யாரு, இன்னாத்துக்கு சாவடிச்சாங்கன்றதுதான் கேள்வி. அலை வந்துச்சு, கரைய வுட்டுத் தள்ளிப் போன்னான். பம்பாய்ன்னான், கைரேகை வையின்னான். நாளைக்குத் துறைமுகம் வருதும்பான். எல்லாம் ஒரே ஏணிடா. படி படியா ஏத்திக் கொண்டுபோயி மேலேருந்து தள்ளி வுட்டுடுவான்."

"அப்போ சுனாமியும் அரசாங்கம்தான் அனுப்பிச்சுதா?"

கடை முழுக்கச் சிரித்தது. சிங்காரம் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு வேர் இருந்தது. அதை அவர் டீக்கடையில் சொன்னதில்லை. அலை வந்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. மீன் கூடையோடு கரைக்குப் போன தைலம்மாள், அவர் பெண்சாதி, திரும்பவில்லை. நாலு நாளாக அவர் மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள், மறுபடி அலை வருகிறது, ஓடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தி, கரையில் நின்ற அத்தனை பேரையும் விரட்டினார்கள். செம்மண்டலம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் பொழுது சாய்கிறவரைக்கும் நின்றார். அலை வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அவர் தோண்டிய இடத்தை மெஷின் விட்டு நிரவி வைத்திருந்தார்கள். கிடைத்தவர்களை எல்லாம் ஒரே குழியில் இறக்கியாகிவிட்டது என்றார்கள். குழியில் யார் யார் என்று கேட்டார். எழுதி வைத்தவர் யாருமில்லை.

வந்த அன்றைக்குச் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கு வரவில்லை. அதற்கப்புறம் அரசாங்கம் என்று எழுதிய எந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலும் அவர் போகவில்லை. கடலுக்குப் போகிறவனெல்லாம் ரேகை வைத்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தெருவே வரிசையில் நின்றது. அவர் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை என்று ஒன்று நடக்கும். போலீஸ்காரர்களே லுங்கி கட்டிக்கொண்டு, தீவிரவாதி மாதிரி ஒரு படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். மீனவர்கள் பார்த்தால் போன் பண்ண வேண்டும். வேறு போலீஸ் வந்து பிடிக்கும். போன தடவை கரையேறிய தீவிரவாதி இஸ்திரி போட்ட லுங்கியோடு டீக்கடைக்கு வந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்று கேட்டார். ஊரே கைதட்டியது. ஆனால் அதே தடவை, வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போன இரண்டு படகுகளை நிறுத்தி, அட்டை எங்கே என்று கேட்டு உச்சிப்பொழுதுவரைக்கும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிடித்த மீன் அத்தனையும் வெயிலில் நாறிப்போனது. சிங்காரம் அதை மறக்கவில்லை.

ஒத்திகைப் படகைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. கரைக்காரன் படகில் உட்கார்ந்தால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வான். கடல்காரன் உடம்பை விட்டுவிடுவான். கடல் அவனைப் பிடித்துக்கொள்ளும்.

அது 2010 மார்கழி. சிதம்பரத்தில் தரிசனக் கூட்டம் சேர்கிற சமயம். கடலில் பனி பால் மாதிரி இறங்கியிருந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. படகு தண்ணீரில் போகிற மாதிரியே இல்லை. எவருடைய தூக்கத்துக்குள்ளோ மிதந்துபோகிற மாதிரி இருந்தது. சிங்காரத்தின் படகு பச்சை. மூக்கில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள். தைலம்மாள் முகத்தில் பூசுகிற மஞ்சள் அது என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்தக் கரையில் அப்படி வேறு படகு கிடையாது. பனிக்குள் அந்த மஞ்சள் தனியாக முன்னே போய்க்கொண்டிருந்தது, படகும் அவரும் அதன் பின்னால் போகிற மாதிரி.

கரையிலிருந்து எங்கோ கோயில் பாட்டு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வலையை வாங்கிவிட்டுத் திரும்புகிற நேரம்.

"பெரிப்பா! துணி!"

பனி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கூப்பிடு தூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படகு, எஞ்சின் சத்தமில்லாமல். மூன்று பேர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் நின்றுகொண்டு துடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் நுனியில் நீலக்கட்டம் போட்ட ஒரு துணி, காற்றில்லாமல் தொங்கியது.

துடுப்பில் துணி கட்டித் தூக்கினால், பார்த்தவன் போயாக வேண்டும். பகையாளி ஊர்ப் படகானாலும் சரி, வலையை அறுத்தவன் படகானாலும் சரி. கட்டிய வலையை வெட்டிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த வழக்கத்தை மீறியவனுக்கு ஊரில் ஒருத்தரும் பெண் கொடுக்க மாட்டார்கள். சிங்காரம் ஐம்பது வருஷத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை. அவர் கை தானாகவே படகை அந்தப் பக்கம் திருப்பியது. அப்புறம் அந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்த விதத்தை மறுபடி பார்த்தார்.

"போலீசுடா. ஒத்திகை."

"துணி கட்டியிருக்காங்களே பெரிப்பா!"

"கட்டுவான். நம்ம வழக்கத்தையும் கத்துக்கினான் பாரு. கிட்டப் போனா கார்டு எங்கம்பான். படகப் புடிச்சி வச்சிக்குவான்."

"நெசமா இருந்தா?"

"அவன்கிட்ட என்னிக்குடா நெசம் இருந்துச்சு?"

படகைத் திருப்பினார். துணி ஒருமுறை அசைந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. பனி மூடிக்கொண்டது.

கரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றது நஸ்ருதீன்.

நஸ்ருதீனுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பட்டறை. முப்பது வருஷமாகச் சிங்காரத்தின் எஞ்சினுக்கு அவர்தான் வைத்தியர். மச்சான் மச்சான் என்றுதான் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அலை வந்த மறுநாளே தேக்சாவில் சோறாக்கிக்கொண்டு வந்து இறங்கி, இருபது நாள் அந்தத் தெருவுக்குப் போட்டவர். மணலைத் தோண்டிக்கொண்டிருந்த சிங்காரத்தின் வாயில் ஊட்டிவிட்டவர்.

"இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம?"

"பையன் கடலுக்குப் போயிருக்கான் மச்சான்."

"உசாமாவா? இன்னாத்துக்கு?"

நஸ்ருதீன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகன் சவூதி போக வேலை வந்திருக்கிறது. பாஸ்போர்ட் விசாரணை எட்டு மாசமாக நிற்கிறது. பேரைப் படித்ததும் ஃபைலை மூடி வைத்துவிடுகிறார்கள். பேர் வைத்தபோது அது வெறும் பேர்தான். அப்புறம்தான் உலகம் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டது. ஒத்திகைக்கு எஞ்சின் தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டும், வந்தால் நல்ல பிள்ளை என்று எழுதித் தருகிறேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி சொன்னாராம்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. உங்கிட்டகூட சொல்லல. அஞ்சு மணிக்குக் கெளம்புனாங்க. ஏழு மணிக்கெல்லாம் கரையேறணும். மணி பத்தாவுது. நீ கடல்ல ஏதாச்சும் படகு பாத்தியா மச்சான்?"

அன்புமணி தலையைக் குனிந்து வலையை உதறினான்.

"இல்ல" என்றார் சிங்காரம்.

அந்தச் சொல் வாயிலிருந்து போனபிறகுதான் அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. நீலக்கட்டம் போட்ட அந்தத் துணி கண்ணுக்கு முன்னால் தொங்கியது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றவனின் தோள் யார் தோள் என்று இப்போது தெரிந்தது.

தட்சிணாமூர்த்தி ஜீப்பில் சாய்ந்துகொண்டு பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரம் நேரே அவரிடம் போனார்.

"படகு காணமாம். தேடப் போவலியா?"

"எங்க தேடுறது பெரியவரே? எங்க கண்ணுல சிக்காம வர்றதுதான் அவுங்க வேலை. இந்தத் தடவை நல்லா பண்றாங்க. ஒத்திகை சாயங்காலம் ஆறு வரைக்கும் இருக்கு. நடுவுல நாங்க தேடிப் போனா மேல கேப்பாங்க."

"நெசமாவே எதுனா ஆயிருந்தா?"

"அப்டி ஒரு பேச்சு கெளப்பறதுகூட நடிப்புல சேர்த்திதான்" என்று சிரித்தார் அவர்.

காலையில் படகுக்குள் தான் பேசிய பேச்சை, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நின்று எவனோ திருப்பிச் சொல்கிற மாதிரி சிங்காரத்துக்கு இருந்தது.

"டேய் அன்பு, டீசல் ஊத்து" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியும் நஸ்ருதீன் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டார். அலை தூக்கிப் போட்டதும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. சிங்காரம் அவரைப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இவரையும் போலீஸ் என்றுதான் சொல்லியிருப்பார்.

மார்கழியில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். நாலு மணி நேரமாக இழுத்திருக்கும். சிங்காரம் தெற்கே விட்டார். பனி விலகி வெயில் வந்தது. வெயிலிலும் கடல் கண்ணாடி மாதிரி கூசியது. பார்க்கிற இடமெல்லாம் ஒரு படகு இருந்தது, பக்கத்தில் போனால் ஒன்றுமில்லை. ஒருமுறை தூரத்தில் நீலமாக ஒரு துணி அசைவதைப் பார்த்து ஓட்டினார். அது தண்ணீரின் நிறம். ஒருமுறை மஞ்சளாக ஏதோ தெரிந்தது. தன் படகின் மூக்குதான் என்று புரிய நேரமானது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். மீன் கூட்டத்தை அப்படித்தான் கேட்பார்கள்; கடலுக்குள் நடப்பது கட்டை வழியாகக் காதுக்கு ஏறும். முதலில் அவர் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மணல் புரளுகிற சத்தம். ஒரு மெஷின் எதையோ நிரவுகிற சத்தம். அதற்கும் அடியில் தைலம்மாள் செருமினாள், அடுப்படியிலிருந்து கூப்பிடுவதற்கு முன்னால் செருமுவாளே, அப்படி. ஆறு வருஷமாக இங்கேதான் இருக்கிறாளா? என்ன சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

டொக். டொக். டொக்.

இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம்.

"சுத்தியல்" என்றார். துடுப்பை எடுத்து இடம் மாற்றி இறக்கிக் கேட்டார். சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. இன்னும் தெற்கே போய், கிழக்கே திரும்பி, மறுபடி நிறுத்தி, மறுபடி கேட்டு, அப்படியே அந்தத் தட்டலின் வழியே போனார்கள். பரங்கிப்பேட்டைக்கு நேரே, ஆழத்தில், உச்சி வெயிலில் அந்தப் படகு கிடந்தது. அறுந்த வலை ஒன்று எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டு முறுக்கி, தண்டையும் வளைத்திருந்தது. உசாமா பின்பக்கம் தொங்கிக்கொண்டு சுத்தியலால் அதை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் லுங்கி துடுப்பில் இருந்தது. இடுப்பில் எந்தப் போலீஸ்காரரின் துண்டோ. தீவிரவாதிகள் மூன்று பேரும் வாந்தியெடுத்து ஓய்ந்து, படகின் அடியில் ஒருத்தர் மேல் ஒருத்தராகக் கிடந்தார்கள். செல்லும் வயர்லெஸும் உப்புத் தண்ணீரில் செத்திருந்தன.

"அத்தா!" என்றான் உசாமா.

நஸ்ருதீன் எட்டி அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு படகுகளும் உரசிக்கொண்டு ஆடின.

அப்புறம் உசாமா திரும்பினான். படகின் மஞ்சள் மூக்கைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மஞ்சளைக் குழைத்துப் பூசியவனே அவன்தான். கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தான், கனவில் கண்ட பொருளை விடிந்தபிறகு தொட்டுப் பார்க்கிற மாதிரி. சிங்காரம் தண்ணீர்க் குடத்தை நீட்டினார். அவன் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"காலையில பனி ஜாஸ்தி மாமா."

"ஆமா."

"பக்கத்துல யாரு போனாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவர் கயிற்றை எடுத்து அந்தப் படகில் முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஐம்பது வருஷமாகப் போடுகிற முடிச்சு, மூன்று தடவை நழுவியது.

நாலு நாள் கழித்துச் சிதம்பரம் போலீஸ் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போக மாட்டேன் என்றுதான் சொன்னார். சிங்காரத்தின் சாட்சிக் காகிதம் இருந்தால் உசாமாவின் பாஸ்போர்ட் ஃபைல் நகரும் என்று நஸ்ருதீன் சொல்லியனுப்பியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆபீசில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்சிணாமூர்த்தி இப்போது சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காகிதத்தை எடுத்து வாசித்தார். மேற்படி உசாமா என்பவர் ஆபத்து நேரத்தில் மூன்று காவலர்களுக்கும் தைரியம் சொல்லி, படகு கவிழாமல் காப்பாற்றினார். சரி. மேற்படி சிங்காரம் என்பவர் தானாக முன்வந்து தேடிச் சென்று மீட்டார். அதுவும் சரி. "அன்று காலை முதல் மதியம் ஒரு மணி வரை வேறு எந்தப் படகும் அவ்விடத்தைக் கடந்து செல்லவில்லை."

"அது..." என்றார் சிங்காரம்.

"இன்னா பெரியவரே?"

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற உசாமா அவரையே பார்த்தான். "கைநாட்டு வைங்க மாமா" என்றான் மெதுவாக. "நான் சொன்னதுதான் எழுதியிருக்காங்க."

அரசாங்கக் காகிதமென்றால் அதில் பொய் இருக்கும் என்று ஆறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். இதோ இருக்கிறது. எழுதியது அரசாங்கம், பொய் அவருடையது. உண்மையைச் சொன்னால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுவார்கள், பிள்ளையின் ஃபைல் மறுபடி மூடிக்கொள்ளும். எந்த மெஷினுக்கும் காட்டாத கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் வைத்தார்.

தட்சிணாமூர்த்தி குனிந்து பார்த்தார். கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் விழுந்திருந்தது. உள்ளே ஒரு கோடும் இல்லை.

"இன்னா பெரியவரே, ரேகையே இல்லியே?"

"கயிறு தின்னுடுச்சி."

"இருக்கட்டும். அப்படியே அந்த அடையாளக் கார்டுக்கும் எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். குடியரசு தினத்துக்கு உங்களுக்கு ஒரு சால்வை, சர்டிபிகேட்டு..."

"அதுக்கு வேற ஆளப் பாரு" என்று எழுந்துவிட்டார்.

வாசல் வரைக்கும் நஸ்ருதீன் கூடவே வந்தார். ரோட்டில் சைக்கிளும் ஆட்டோவுமாக நெருக்கியடித்தது. தூரத்தில் கோபுரம் மதிய வெயிலில் கரைந்துகொண்டிருந்தது.

"இப்பவாச்சும் நம்புறியா மச்சான்? அவுங்களும் மனுசங்கதான். எஞ்சின் நின்னா நம்மளாட்டந்தான் முழிக்கிறாங்க. நாடகம் கீடகம் ஒண்ணுமில்ல."

"அந்த வலைய யாரு போட்டது?"

"எந்த வலை?"

"விசிறில சுத்துன வலை. அவ்ளோ பெரிய கடல்ல, ஒத்திகை அன்னிக்குப் பாத்து, அவுங்க வர்ற எடமாப் பாத்து ஒரு அறுந்த வலை வந்து கெடக்குதா?"

"யோவ், பழைய வலைய்யா அது!"

"பழசுதான். எந்த ஊரு முடிச்சுன்னு யாரு பாத்தா? வெட்டிக் கடல்லயே போட்டுட்டாங்க. ஏன் போட்டாங்க?"

நஸ்ருதீன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "டீயாச்சும் குடிச்சிட்டுப் போயேன்."

"பஸ்ஸு போயிடும்."

பின்னால் உசாமா வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சிங்காரம் பார்க்கவில்லை. விரலிலிருந்த மையை வேட்டி ஓரத்தில் தேய்த்துக்கொண்டே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

"வலை தானா வந்துச்சாம்" என்று எதிரே வந்த ஆட்டோக்காரன் காதில் விழும்படி சொன்னார். "சொல்றான், கேட்டுக்க."